ஊருக்கொரு முற்றம்



முற்றம் இல்லாத வீட்டை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வீடாகவே மதிப்பதில்லை. நெல்லும் ஒடியலும் காய்வது முற்றத்தில். பிள்ளை நடை பழகுவதும் முற்றத்தில். கலியாணப் பந்தல் போடும் அதே முற்றத்தில்தான் சாவீட்டுப் பந்தலும் போடுகிறோம். வீட்டுக்குள் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பதில் எங்கள் ஆட்கள் கறாரானவர்கள். ஆனால் முற்றத்துக்கு வந்தவனை யாரும் “நீ ஏன் வந்தாய்?” என்று கேட்பது குறைவு.

யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும் அப்படி ஒரு முற்றம் இருக்கிறது. பெயரே முற்றவெளி. ஒரு பக்கம் கோட்டை. மற்றப் பக்கங்களிலே பொதுசன நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், சுப்பிரமணியம் பூங்கா, வீரசிங்கம் மண்டபம், துரையப்பா விளையாட்டரங்கு, தந்தை செல்வா நினைவுத்தூண், றீகல் தியேட்டர் இருந்த இடம், முனியப்பர் கோயில். அரை மணி நேரம் காலாற நடந்தால் நானூறு வருடச் சரித்திரத்தைச் சுற்றிவந்துவிடலாம். இன்று அந்த வெளியைப் பற்றியும், அதனோடு சேர்ந்து என் தந்தையாரைப் பற்றியும் உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

நான் வேலணையில் பிறந்தவன். தீவுப்பகுதி ஆட்களுக்குப் பட்டினம் என்றால் முதலில் கண்ணில் படுவது கோட்டைதான். பஸ் பண்ணைப் பாலத்தால் வரும்போது இரு பக்கமும் கடலேரி. காற்று சட்டையைப் பிடுங்கும். எதிரே கறுத்த மதில் மெல்ல மெல்லப் பெரிதாகும். மதிலைத் தாண்டியதும் திடீரென்று கண் விரியும். அதுதான் முற்றவெளி. நான் முதன்முதலாக அதைக் கண்டது 1966ஆம் ஆண்டு, பத்து வயதில். ஐயா பெரிய கடையிலே புகையிலைக் கணக்குப் பார்க்க வரும்போது என்னையும் கூட்டிவந்தார். பட்டினத்துச் சனத்தைக் கண்டு நான் மிரண்டுபோயிருக்க வேண்டும். ஐயா என்னை நேரே மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குக் கூட்டிச்சென்று, அதன் அடியிலே என் கையை வைக்கச்சொல்லிவிட்டுச் சொன்னார்:

“தம்பி, என்னைத் தவறவிட்டால் அங்கை இங்கை ஓடாதை. ஆரையும் கேட்டு, நேரை இஞ்சை வந்து நில். எவ்வளவு நேரமெண்டாலும் நில். நான் வருவன்.”

அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

வளர்ந்த பிறகு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நிலத்துக்குப் பரப்புக் கணக்கிலே வழக்காடுகிற எங்கள் நாட்டிலே, பட்டினத்தின் நடுவில் இவ்வளவு பெரிய நிலம் வெறுமையாகக் கிடந்தது எப்படி? யாராவது ஒரு நல்ல மனிதர் பிள்ளைகள் விளையாடட்டும் என்று விட்டாரா? இல்லை. விடை தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். பிடித்தவர்களுக்கு ஒன்று விளங்கியது: தாங்கள் பிடித்ததைப் போலவே நாளைக்கு வேறு யாரும் பிடிக்கலாம். ஆகவே பழைய கோட்டையை மாற்றி, முருகைக் கல்லாலே ஐந்து மூலைக் கோட்டையாக எழுப்பினார்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டார்கள். அகழி வெட்டினார்கள். வெளி அரண்களின் வேலை முற்றாக முடிந்தது 1792இல். மூன்று வருடம் கழித்து, 1795இலே, ஆங்கிலேயர் வந்தபோது ஒரு வெடியும் தீராமலே கோட்டை கைமாறியது. நூறு வருடத்துக்கு மேல் பயந்து பயந்து கட்டியதன் பலன் அவ்வளவுதான்.

அந்தப் பயத்தின் ஒரு பகுதிதான் முற்றவெளி. பீரங்கிக் கோட்டைக்கு மதிலும் அகழியும் மாத்திரம் போதாது. மதிலுக்கு முன்னே மரம், வீடு, மறைப்பு எதுவும் இல்லாத வெறுந்தரை வேண்டும். வருகிறவன் ஒளிக்க இடமில்லாமல் தூரத்திலேயே தெரியவேண்டும்; தெரிந்ததும் சுட வசதியாக இருக்கவேண்டும். இப்படியான வெளிக்குத்தான் ஐரோப்பியர் எஸ்பிளனேட் என்று பெயர் வைத்தார்கள். கொழும்பிலே இன்று பட்டம் விடுகிற காலிமுகத்திடலும் ஆதியில் கோட்டைப் பீரங்கிக்காகத் துப்புரவாக்கிய நிலந்தான். கல்கத்தாவின் மைதானமும் அப்படியே. சென்னையில் கோட்டைக்கு முன்னிருந்த பழைய கறுப்பர் பட்டினத்தையே இடித்து வெளியாக்கி, இதற்கப்பால்தான் வீடு கட்டலாம் என்று 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நாட்டினார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது.

இது ஐரோப்பியர் மாத்திரம் கண்டுபிடித்த புதினமென்று நினைக்கவேண்டாம். திருக்குறளில் அரண் என்றொரு அதிகாரம் உண்டு. அரணுக்கு நீரும் மலையும் காடும் வேண்டுமென்று சொல்லும் வள்ளுவர் அவற்றோடு ‘மண்’ணையும் ஒன்றாக எண்ணுகிறார். மண் எப்படி அரணாகும் என்று வாசகன் மயங்குகிற இடத்தில் பரிமேலழகர் கைகொடுக்கிறார். அது மதிலுக்கு வெளியே நீரும் நிழலும் இல்லாமல் விடப்பட்ட வெறுநிலம். பகைவர் வந்து தங்கிக் கோட்டையைப் பற்றாமல் இருப்பதற்கானது என்பது அவர் காட்டும் பொருள். நான் முற்றவெளியில் நிற்கும்போதெல்லாம் அந்த உரை நினைவுக்கு வரும்.

ஆனால் நேயர்களே, நான் சொல்ல வந்தது கோட்டைக்காரர் எதற்காக வெளியை விட்டார்கள் என்பதை அல்ல. எங்கள் சனம் அதை என்ன செய்தது என்பதைத்தான். பயத்தினால் உண்டான வெறுநிலத்தை அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக முற்றமாக்கிக்கொண்டார்கள். கோட்டை அகழிக்குப் பக்கத்திலேயே முனியப்பர் வந்து குந்திவிட்டார். பட்டினத்துப் பொடியன்கள் பந்தடிக்கத் தொடங்கினார்கள். மாடுகள் மேய்ந்தன. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று எழும்பியது. 1882இல் நிறைவேறிய அந்தக் கோபுரத்தை வரைந்த ஸ்மிதர்தான் கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தையும் வரைந்தவர். இளவரசரின் நினைவாக எழுந்ததென்பதைப் பட்டினம் மறந்துபோனது. பஸ்சுக்குப் பிந்தியவர்களும், ஆளைக் காத்து நின்றவர்களும், பரீட்சைக்கு ஓடியவர்களும் அண்ணாந்து பார்த்துப் பார்த்து அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

பிறகு நூலகம். 1933இல் கே. எம். செல்லப்பா என்ற அன்பர் தன் வீட்டிலே புத்தகங்களை வைத்து ஊர்ப்பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு மாறியபோது இருந்தவை 844 புத்தகங்கள். 1954இல் முற்றவெளியோரத்தில் அடிக்கல் நாட்டினார்கள். நூலகவியலின் தந்தை எனப்படும் இரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் படம் வரைந்தார். 1959 ஒக்டோபரில் திறந்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணையளவில் தொடங்கிய காரியம் கோட்டைக்கு எதிரே வெள்ளை மாளிகையாக நிமிர்ந்து நின்றது. பீரங்கி பார்த்துக்கொண்டிருந்த திசையிலே சரஸ்வதி அம்மாள் வீணையோடு வந்து இருந்தாள்.

எங்கள் காலத்து முற்றவெளி எப்படியிருந்தது? பின்னேரம் நாலு மணிக்கு மேல் கடலேரிக் காற்று இறங்கும். நூலகத்தில் பத்திரிகை பார்த்த ஓய்வூதியக்காரர்கள் பூங்காவில் வந்து அரசியல் பேசுவார்கள். கடலை வண்டியின் வாசமும் ஐஸ்பழக்காரனின் மணிச் சத்தமும் கலந்து வரும். கானிவல் வந்தால் மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமும். தேர்தல் வந்தால் மேடை. ஏழை, பணக்காரன், பட்டினத்தான், தீவான் என்ற பேதம் வீடுகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் இருந்தது உண்மை. வெளிக்குள் அது சற்றுத் தளர்ந்து நின்றது. கடலைச் சரைக்கு எல்லோருக்கும் ஒரே விலை.

இந்த முற்றத்திலே முதல் சாவு விழுந்ததை நான் கண்டேன். நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1974 ஜனவரியிலே யாழ்ப்பாணத்தில் நடந்தது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பட்டினத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஜனவரி 10ஆம் திகதி இரவு வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னே பெருங்கூட்டம். அதற்குள் நானும் ஒருவன். தமிழறிஞர் பேச்சைக் கேட்டு நின்ற சனத்தின் மீது பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. மின்கம்பி அறுந்து விழுந்தது. உயிர்கள் போயின. நான் எப்படி ஓடினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. நின்று பார்த்தபோது மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றேன். மூளை சொல்லவில்லை, கால் தானாக வந்தது. அங்கிருந்து ஒரு நண்பன் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

விடிந்து விடுதிக்குத் திரும்பி வரும் வழியில் பார்க்கிறேன், கோபுரத்தடியில் ஐயா நிற்கிறார். செய்தி கேட்டு முதல் பஸ்சில் வந்திருக்கிறார். விடுதியில் நான் இல்லை என்றதும் வேறெங்கும் போய்த் தேடவில்லை. நேரே அங்கே வந்து நின்றுவிட்டார். சால்வை தோளில் இல்லை. கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். வெளியைத் தாண்டி நான் வருவதை வெகு தூரத்திலேயே கண்டிருக்கவேண்டும். நான் கிட்டப் போகும்வரை அசையவில்லை. கிட்டப் போனதும் ஒன்றுமே கேட்காமல், “தேத்தண்ணி குடிச்சனியோ?” என்று மாத்திரம் கேட்டார்.

நூலகம் எரிந்த கதையை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1981 மே 31இல் தொடங்கி ஜூன் 1 விடியும்வரை ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அந்தத் தீயைத் தூரத்திலிருந்து கண்ட பேரறிஞர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். கவிஞர் நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்ற கவிதையிலே அந்தச் சாம்பரை இலக்கியமாக்கினார். நான் அப்போது ஆசிரியன். அந்தக் கிழமை நானும் போய்ப் பார்த்தேன். கூரையில்லாத கட்டடத்தினூடாக ஆகாயம் தெரிந்தது. ஐயா என்னோடு வந்திருந்தார். அவருக்கு எழுத்து வாசனை குறைவு. “இவ்வளவும் ஆரோ ஒருத்தர் இருந்து எழுதினதல்லோ தம்பி” என்றார். அதைவிடப் பெரிய இரங்கலுரை ஒன்றை நான் பின்னர் எங்கும் கேட்கவில்லை.

அதன்பின் வெளி மறுபடி ஒல்லாந்தர் கணக்குக்குத் திரும்பியது. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து கோட்டைக்குள் இராணுவம்; வெளியே இயக்கங்கள்; நடுவிலே ஒருவரும் நடமாடாத முற்றவெளி. வருகிறவன் தெரியவேண்டும், தெரிந்தால் சுடவேண்டும் என்று எதற்காக அந்த நிலத்தை வெறுமையாக்கினார்களோ, அதற்கே அது மீண்டும் பயன்பட்டது. சுற்றியிருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்தன.

1990 ஜூனில் ஐயா கண் வைத்தியத்துக்காகக் கொக்குவிலில் இருந்த என் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு கிழமையில் திரும்பிப் போவதாகக் கணக்கு. அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. கோட்டை முற்றுகை; பண்ணைப் பாதை பூட்டு. ஓகஸ்டில் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போனது. வேலணைச் சனம் திக்குத் திக்காகச் சிதறியது. செப்டெம்பர் கடைசியில் கோட்டையை விட்டு இராணுவம் வெளியேறியது. ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயமும் அந்தப் போரில் அழிந்தது. கோட்டைச் சண்டை முடிந்தும் பண்ணைப் பாதை திறக்கவில்லை. கடலேரிக்கு அந்தப்பக்கம் இராணுவம், இந்தப்பக்கம் நாங்கள்.

ஐயாவுக்கு இதெல்லாம் விளங்காமலில்லை. ஆனாலும் விடிந்தால் ஒரே கதைதான். “அந்த வெளியைத் தாண்டினால் பண்ணை. பண்ணையைத் தாண்டினால் வீடு. என்ன பெரிய தூரம்?” என்பார். கிணற்றடி வாழை நின்றிருக்குமோ, பசு என்ன ஆனதோ என்று கேட்பார். நான் பதில் சொல்லமாட்டேன். ஒரு நாள் எனக்குச் சொல்லாமல் நடந்து முற்றவெளி வரைக்கும் போய்விட்டார். யாரோ தெரிந்தவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டார். “எங்கை ஐயா போனனீங்கள்?” என்று கோபித்தேன். “சும்மா, கோபுரத்தடியிலை கொஞ்ச நேரம் நிண்டுபோட்டு வந்தனான்” என்றார்.

1993ஆம் ஆண்டு மார்கழியில், கொக்குவிலிலேயே, அவர் கண்ணை மூடினார். 1995இல் பட்டினமே பெயர்ந்தபோது நானும் பெயர்ந்தேன். வன்னி, பிறகு கொழும்பு.

ஏ-9 பாதை 2002 ஏப்ரலில் திறந்தது. அந்த ஆண்டுதான் நான் திரும்பிப் போனேன். பிரித்தானிய உதவியோடு மணிக்கூட்டுக் கோபுரமும் அதே ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. பஸ் நிலையத்தில் இறங்கி, பொதியையும் தூக்கிக்கொண்டு, முதலில் போய் அதன் அடியிலே நின்றேன். எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது? நிற்கச் சொன்னவர் இல்லை. வருவேன் என்றவரும் அவர்தான். பிறகு முற்றவெளியோரமாகப் பண்ணைப் பக்கம் நடந்தேன். கையில் மணிக்கூடு இருந்தது. அந்த வெளியைக் கடக்க எனக்குப் பத்து நிமிடமும் பிடிக்கவில்லை. ஐயாவுக்கு மூன்றரை வருடம் போதவில்லை.

நேயர்களே, இன்று அந்த இடத்துக்குப் போனால் நல்ல காட்சிகள் பல உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நூலகம் மீள எழும்பி வெள்ளை வெளேரென்று நிற்கிறது. உள்ளே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். கோட்டையின் சிதைவுகளை நெதர்லாந்தின் உதவியோடு திருத்தினார்கள். பின்னேரத்தில் குடும்பம் குடும்பமாகச் சனம் மதில்மேல் ஏறிக் கடலேரியில் சூரியன் விழுவதைப் பார்க்கிறது. நூலகத்துக்குப் பக்கத்திலே இந்திய உதவியோடு எழுந்த கலாசார நிலையம் 2023இல் மக்களிடம் கையளிக்கப்பட்டது. பூங்காவில் ஊஞ்சல் ஆடுகிறது. மகிழவேண்டியவைதான்.

ஆனாலும் ஒரு மனக்கிலேசம். வெறும் நிலத்தைக் கண்டால் எங்கள் கை சும்மா இருப்பதில்லை. அதிலே ஒன்றைக் கட்டினால்தான் அபிவிருத்தி என்று எண்ணுகிறோம். ஒரு தூண், ஒரு மண்டபம், ஒரு வாகனத் தரிப்பிடம், ஒரு விளம்பரப் பலகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் இருக்கும். எல்லா நியாயமும் சேர்ந்தால் வெளி இருக்காது. வீட்டு முற்றத்தை அறைகளாகத் தட்டிக் கட்டியவர்களுக்குத் தெரியும், அறை கூடக்கூட வீடு சிறுத்துப்போகும்.

ஒல்லாந்தர் அந்த வெளியை விட்டது வருகிறவன் தூரத்திலேயே தெரியவேண்டும் என்பதற்காக. என் ஐயா அந்த வெளியைப் பார்த்து நின்றதும் வருகிறவன் தூரத்திலேயே தெரியவேண்டும் என்பதற்காகத்தான். நிலம் ஒன்றே. ஒருவர் பகைவனைத் தேடினார். மற்றவர் பிள்ளையைத் தேடினார். எந்தக் கண்ணால் அந்த வெளியைப் பார்க்கப்போகிறோம் என்பது இனி எங்களைப் பொறுத்தது. எதுவாயினும், பார்ப்பதற்கு முதலில் வெளி இருக்கவேண்டும்.

போன வருடம் என் பேத்தியை அங்கே கூட்டிச்சென்றேன். அவளுக்கு இப்போது கைத்தொலைபேசி உண்டு. தொலைந்துபோக வழியே இல்லை. இருந்தும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் அவளுடைய கையை வைக்கச்சொல்லி, ஐயா எனக்குச் சொன்னதை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லிவைத்தேன். அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். கை வைத்த இடம் கைக்கு மறக்காது.